பால் பல் சாட்சி

உடன்படிக்கைகளின் கதை: அத்தியாயம் 14

செயின்ட் லூயிஸ் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் 1959 வாக்கில் ஒரு சட்டைவில்லை பிரபலமாயிற்று. முன்பல் விழுந்த பையன் ஒருவன் அதில் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருப்பான். ‘என் பல்லை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தேன்’ என்று எழுதியிருக்கும். விழுந்த பால் பல்லை ஒரு படிவத்தோடு சேர்த்து அனுப்பிவைத்த பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். நம் பக்கம் பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவது வழக்கம். அமெரிக்கப் பிள்ளைகள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். இரவில் பல் தேவதை வந்து அதை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். அந்தத் தேவதைக்குச் சேரவேண்டிய பற்களை செயின்ட் லூயிஸ்காரர்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 3,20,000 வரை திரட்டிவிட்டார்கள்.

அந்தப் பற்களுக்கும் 1963-இல் மாஸ்கோவில் மூன்று வெளியுறவு அமைச்சர்கள் போட்ட கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்த வாரக் கதை.

போன அத்தியாயத்தை 1954 மார்ச் 1-ஆம் தேதி, பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டோடு நிறுத்தியிருந்தோம். கணக்குப் போட்டவர்கள் எதிர்பார்த்தது சுமார் 6 மெகாடன். வெடித்ததோ 15. தடை செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் 23 பேர். செப்டம்பரில் அதன் வானொலி இயக்குநர் குபோயாமா இறந்துபோனார். அதற்கு வெகு முன்பே, படகு யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பிய சில நாட்களிலேயே, ஜப்பான் முழுவதும் மீன் வியாபாரம் படுத்துவிட்டது. கதிரியக்கம் ஏறிய சூரை மீன்களை டோக்கியோ மீன் சந்தையில் குழிவெட்டிப் புதைத்தார்கள். மீன் இல்லாமல் ஒருவேளைச் சோறு இறங்காத நாட்டில் இது எப்படிப்பட்ட அதிர்ச்சி என்று சொல்லவேண்டியதில்லை.

அந்த ஏப்ரலில், டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் ஒரு மீன்கடைக்காரரின் மனைவி பெண்கள் கூட்டமொன்றில் எழுந்து பேசினார். கடைக்கு ஆள் வருவதில்லை, இதற்கு யாராவது ஏதாவது செய்யவேண்டாமா என்பதுதான் பேச்சின் சாரம். அங்கிருந்து கிளம்பியது கையெழுத்து இயக்கம். சமூகக் கூடத்தின் தலைவராக இருந்த சட்டப் பேராசிரியர் யாசுய் கவோரு அதற்கு உருவம் கொடுத்தார். வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் இல்லத்தரசிகள். கட்சிப் பெயர் எதையும் சேர்க்கக்கூடாது என்பதில் கறாராக இருந்தார்கள். 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் முதல் உலக மாநாடு கூடியபோது ஜப்பானில் மட்டும் 3 கோடிக்கு மேல் கையெழுத்து சேர்ந்திருந்தது.

இந்தியாவில் நேரு சும்மா இருக்கவில்லை. பிக்கினி வெடித்த ஒரே மாதத்தில், 1954 ஏப்ரல் 2 அன்று, மக்களவையில் எழுந்து ஒரு யோசனை சொன்னார்: ஆயுதக் குறைப்புக்குக் காலம் பிடிக்கும், அதுவரை சோதனைகளையாவது நிறுத்திவையுங்கள். சோதனைத் தடை என்ற பேச்சை அரசாங்கங்களின் மேசைக்குக் கொண்டுவந்த முதல் குரல்களில் அது ஒன்று. குண்டு வெடித்தால் என்னென்ன நேரும் என்று ஆராய்ந்து எழுதும்படி விஞ்ஞானி டி. எஸ். கோத்தாரியை அவர் கேட்டுக்கொள்ள, 1956-இல் அது புத்தகமாகவும் வந்தது. வல்லரசுகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டன. அவ்வளவுதான்.

விஷயம் நகர்ந்தது வேறொரு திசையிலிருந்து. 1957 மே 15 அன்று வேதியியல் நோபல் பெற்ற லைனஸ் பாலிங், செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேச வந்தார். பேச்சு முடிந்த கையோடு பாரி காமனர், எட்வர்ட் காண்டன் என்ற இரு விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து, சோதனைகளை நிறுத்தும் சர்வதேச ஒப்பந்தம் கோரி ஒரு மனு எழுதினார். சில வாரங்களில் 2,000-க்கு மேற்பட்ட அமெரிக்க விஞ்ஞானிகள் ஒப்பமிட்டார்கள். பாலிங்கும் அவர் மனைவி ஆவா ஹெலனும் வீட்டிலிருந்தபடியே வெளிநாடுகளுக்கு எழுதித் தள்ளினார்கள். 1958 ஜனவரியில் ஐ.நா. பொதுச்செயலாளர் ஹாமர்ஷோல்டிடம் கொடுத்தபோது 9,000-ஐத் தாண்டியிருந்த கையெழுத்துகள் கடைசியில் 11,021 ஆயின.

இவ்வளவு பேரைத் தனி மனிதர் திரட்ட முடியுமா, பின்னால் கம்யூனிஸ்டுகள் இருக்கவேண்டும் என்று செனட் உட்குழு ஒன்று 1960-இல் அவரை விசாரணைக்கு இழுத்தது. கையெழுத்து வாங்க உதவியவர்களின் பட்டியலைக் கேட்டார்கள். கையெழுத்திட்டவர்களின் பெயர் ஊரறிந்தது. உதவிய இளைஞர்களின் பெயரைக் கொடுத்து அவர்கள் பிழைப்பைக் கெடுக்கமாட்டேன் என்று பாலிங் மறுத்துவிட்டார்.

மனு போடுவது ஒரு வேலை. மனுவில் சொன்னதை நிரூபிப்பது இன்னொன்று. அமெரிக்க அணுசக்தி ஆணையம் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றே பாடிக்கொண்டிருந்தது. சோதனையில் வெளியாகும் ஸ்ட்ரான்ஷியம்-90 வேதியியல் குணத்தில் கால்சியத்துக்குப் பங்காளி. மழையோடு இறங்கிப் புல்லில் ஏறும். புல்லிலிருந்து பசு, பசுவிலிருந்து பால், பாலிலிருந்து பிள்ளையின் எலும்பு. பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள் பிடிக்கும். இதெல்லாம் விஞ்ஞானிகளுக்குத் தெரியும். நெவாடாவில் வெடித்ததன் தூசி காற்றோடு கிழக்கே வரும் வழியில் இருந்தது செயின்ட் லூயிஸ். அந்த ஊர்ப் பாலில் அளவு கூடுதலாக இருப்பதையும் அரசாங்கத்தின் அளவீடுகளே காட்டின. ஆனால் பிள்ளையின் எலும்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று உயிரோடிருக்கும் பிள்ளையிடம் எப்படிப் பார்ப்பது?

ஹெர்மன் கால்க்கர் என்ற உயிர்வேதியியலாளர் 1958 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் இதற்கு வழி சொன்னார். எலும்பின் சரக்குதான் பல். அதைப் பிள்ளைகள் தாமாகவே உதிர்க்கிறார்கள். அதோடு பால் பல்லின் முடிப்பகுதி, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த முதல் ஆண்டிலும் உருவாகி இறுகிவிடுகிறது. ஏழு வயதில் விழும் பல், ஏழு வருஷத்துக்கு முந்தைய பாலைப் பற்றிச் சாட்சி சொல்லும்.

அதே ஆண்டில் செயின்ட் லூயிஸில் விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் இல்லத்தரசிகளும் சேர்ந்து அணுத் தகவலுக்கான குடிமக்கள் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். டிசம்பரில் பல் சேகரிப்பு ஆரம்பித்தது. டாக்டர் லூயிஸ் ரைஸ் தலைமை ஏற்றார். பல் மருத்துவக் கல்லூரியில் ஹெரால்ட் ரோசன்தால் ஆய்வுக்கூடத்தைத் தயார் செய்தார். படிவத்தில் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: பிள்ளை பிறந்த தேதி என்ன? கர்ப்ப காலத்தில் தாய் எந்த ஊரில் இருந்தார்? பிறந்த பிறகு தாய்ப்பாலா, பசும்பாலா? எத்தனை மாதம்? எந்தப் பரம்பரை ஆய்வுக்கும் குறையாத நுணுக்கம். பள்ளிக்கூடம், நூலகம், பல் மருத்துவர் அறை என்று எங்கும் படிவங்கள். தபாலில் குவிந்த உறைகளைத் தன்னார்வப் பெண்கள் மேசையில் கொட்டி, வெட்டுப்பல் தனியாக, கடைவாய்ப்பல் தனியாக, பிறந்த வருஷவாரியாகப் பிரித்து அட்டவணை போட்டார்கள். ஒரு பல்லில் இருப்பது அளக்க முடியாத அளவு சொற்பம் என்பதால் பல பற்களைச் சேர்த்துப் பொடித்துத்தான் அளக்கவேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன.

1961 நவம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் முதல் முடிவுகள் வந்தன. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளிடமே ஆண்டுக்கு ஆண்டு ஸ்ட்ரான்ஷியம் ஏறியிருந்தது. (1963-இல் பிறந்தவர்களின் பற்கள் பின்னாளில் விழுந்து அளக்கப்பட்டபோது, 1950-இல் பிறந்தவர்களுடையதைப்போலச் சுமார் 50 மடங்கு இருந்தது.)

இந்தக் குழு சோதனையை நிறுத்து என்று ஒருபோதும் கோஷம் போடவில்லை. ஒப்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்பதில் அமைப்பாக எந்த நிலைப்பாடும் எடுக்கவில்லை. எண்ணை மட்டும் முன்னே வைத்தார்கள். இயக்கம் நடத்துகிறவர்கள் இதைக் கோழைத்தனம் என்று நினைக்கலாம். ஆனால் கம்யூனிஸ்டு என்று முத்திரை குத்தினால் ஒரு மனிதரின் வாழ்க்கையே போய்விடக்கூடிய காலம் அது. பாலிங்குக்கு மாஸ்கோ முத்திரை குத்தலாம். ஏழு வயதுப் பிள்ளையின் பல்லுக்கு எந்த முத்திரை குத்துவது?

ஆனால் கோஷம் போடவும் ஆள் இருந்தார்கள். மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் 1961 செப்டம்பரில் சோவியத் யூனியன் மீண்டும் வெடிக்கத் தொடங்கியது. அக்டோபர் 30 அன்று அது வெடித்தது சுமார் 50 மெகாடன், மனித குலம் இதுவரை வெடித்ததிலேயே பெரியது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 1-ஆம் தேதி, அமெரிக்காவின் அறுபது ஊர்களில் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த டாக்மர் வில்சன் இதை ஆறே வாரத்தில் தொலைபேசி வழியாகவும் வாழ்த்தட்டைப் பட்டியல் வழியாகவும் ஒருங்கிணைத்தார் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். அமைப்புக்கு உறுப்பினர் பட்டியலே கிடையாது. 1962 ஜனவரியில் கொட்டும் மழையில் வெள்ளை மாளிகை முன் இந்தப் பெண்கள் நின்றதைத் தானே பார்த்ததாகவும், செய்தி வந்து சேர்ந்துவிட்டதாகவும் கென்னடி நிருபர்களிடம் சொன்னார்.

அந்த டிசம்பரில் நாடாளுமன்றக் குழு இவர்களையும் விசாரணைக்கு அழைத்தது. பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து அரங்கை நிறைத்தார்கள். சாட்சி சொல்லப் போனவருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள், சொல்லி முடித்தவருக்குக் கைதட்டினார்கள். உங்கள் இயக்கத்தில் கம்யூனிஸ்டுகள் நுழைந்தால் தடுப்பீர்களா என்று டாக்மர் வில்சனிடம் கேட்டார்கள். தடுக்க வழியும் இல்லை, தடுக்கும் எண்ணமும் இல்லை என்று அவர் இனிமையாகப் பதில் சொன்னார். மறுநாள் பத்திரிகைகளில் சிரிப்பாய்ச் சிரித்தது அந்தக் குழுதான்.

இதே 1962-இல் இந்தியாவிலிருந்து ஒருவர் வாஷிங்டனுக்குக் கிளம்பினார். வயது 83. பெயர், சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி.

உள்நாட்டில் ராஜாஜி அப்போது நேருவுக்கு எதிராகச் சுதந்திரா கட்சியை நடத்திக்கொண்டிருந்தார். பொருளாதாரத்தில் இருவருக்கும் எட்டாம் பொருத்தம். அணுகுண்டு விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி. அதிலும் ராஜாஜி ஒரு படி மேலே போய், எதிரி நிறுத்துகிறானா என்று பார்க்காமல் ஒருவர் தாமாகவே முதலில் நிறுத்தவேண்டும் என்று ஐம்பதுகளிலிருந்தே எழுதிவந்தார். 1962 ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் டெல்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு கூட்டியது. அங்கே முடிவானபடி புறப்பட்ட தூதுக்குழுவுக்கு அவர்தான் தலைவர், ஆர். ஆர். திவாகரும் உடன் போனார். செப்டம்பர் 28 அன்று கென்னடியைச் சந்தித்தார்கள். ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. கதர் வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு முதியவர், எந்த அரசாங்கப் பதவியும் இல்லாதவர், வல்லரசின் தலைவரிடம் ‘நீங்கள் முதலில் நிறுத்துங்கள்’ என்று கேட்டார். மூன்று வாரத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து உலகம் விளிம்பில் நின்றது.

ராஜாஜி சொல்லித்தான் கென்னடி செய்தார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நம்மவர்கள் சிலர் எழுதவும் எழுதுவார்கள். ஆதாரம் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் 1963 ஜூன் 10 அன்று அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கென்னடி அறிவித்தது கிட்டத்தட்ட அதே யோசனைதான்: மற்றவர்கள் செய்யாதவரை அமெரிக்கா வளிமண்டலத்தில் இனிச் சோதனை செய்யாது, முதலில் தொடங்குவது நாங்களாக இருக்கமாட்டோம்.

அந்தப் பேச்சுக்கு நேரடியாகத் தூண்டியவர் ஒரு பத்திரிகையாசிரியர். ‘சாட்டர்டே ரிவ்யூ’வின் நார்மன் கசின்ஸ், சோதனை எதிர்ப்புக்காக 1957-இல் தொடங்கிய ‘சேன்’ அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். போப்பாண்டவருக்காகத் தூது போன சாக்கில் 1962 டிசம்பரில் சோவியத் தலைவர் குருஷேவைச் சந்தித்தார். 1963 ஏப்ரலில் மறுபடி, இம்முறை கருங்கடல் ஓரத்து ஓய்வில்லத்தில். இறகுப்பந்து ஆடினார்கள், பிறகு குருஷேவ் குமுறினார். தடையை யாரும் மீறவில்லை என்று சரிபார்க்க ஆண்டுக்கு மூன்று நேரடி ஆய்வு போதும் என்று அமெரிக்கா சொன்னதாக நம்பி, தன் ஆட்களைக் கெஞ்சிச் சம்மதிக்கவைத்தால், இப்போது எட்டு என்கிறார்களே, தன்னை முட்டாளாக்கிவிட்டார்களே என்று. கசின்ஸ் திரும்பிவந்து இதைக் கென்னடியிடம் ஒப்பித்து, ஒரு துணிச்சலான பேச்சு வேண்டும் என்றார். தூதரகங்கள் சொல்லிப் புரியவைக்க முடியாத மனத்தாங்கலை ஒரு குடிமகன் கொண்டுசேர்த்தார்.

பேச்சுவார்த்தை ஜூலை 15 தொடங்கி பத்தே நாளில் முடிந்தது. ஆய்வுச் சிக்கலை அவிழ்க்கவில்லை, ஓரமாக வைத்துவிட்டார்கள். வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி மூன்றிலும் தடை. நிலத்துக்கடியில் வெடிக்கத் தடையில்லை. ஐந்தே ஐந்து பிரிவுகள் கொண்ட ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்க, சோவியத், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர்களான ரஸ்க், குரோமிகோ, ஹோம் மூவரும் கையெழுத்திட்டார்கள். மூன்று நாளில் இந்தியாவும் ஒப்பமிட்டது. பிரான்சும் சீனாவும் சேரவே இல்லை.

செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். வந்த கடிதங்களோ பெரும்பாலும் எதிர்ப்பு. கென்னடி கசின்ஸையும் மற்றவர்களையும் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். தொழிற்சங்கம், தேவாலயம், பெண்கள் சங்கம், விஞ்ஞானிகள், வியாபாரிகள் என்று ஆறே வாரத்தில் ஒரு கூட்டணி எழுந்தது. லூயிஸ் ரைஸின் கணவர் எரிக் ரைஸ் செனட் குழுமுன் பல் ஆய்வின் முடிவுகளை எடுத்துவைத்தார். ஜனாதிபதியே தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசியபோது பிள்ளைகளின் எலும்பையும் இரத்தத்தையும் பற்றித்தான் பேசினார். தாய்மார்களின் பேச்சு அவர் பேச்சாகிவிட்டிருந்தது. செப்டம்பர் 24 அன்று 80-க்கு 19 என்று நிறைவேறியது.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 10. அதே நாளில், நிலுவையில் இருந்த 1962-ஆம் ஆண்டு அமைதி நோபல் பரிசு லைனஸ் பாலிங்குக்கு என்று ஆஸ்லோவில் அறிவித்தார்கள். முந்தைய ஆண்டு ஏப்ரலில், வெள்ளை மாளிகை வாசலில் தட்டி பிடித்து நின்றுவிட்டு, அன்று மாலையே உடை மாற்றிக்கொண்டு நோபல் விருந்தினராக அதே மாளிகைக்குள் சாப்பிடப் போன மனிதர் அவர். இப்போதும் எல்லோரும் வாழ்த்திவிடவில்லை. ‘லைஃப்’ இதழ், நார்வே அமெரிக்காவை அவமதித்துவிட்டதாகத் தலையங்கமே எழுதியது.

பாலில் ஸ்ட்ரான்ஷியம் குறைந்தது; பின்னர் பிறந்த பிள்ளைகளின் பற்களிலும் குறைந்தது. இந்தத் தொடரில் நாம் பார்த்த இயக்கங்களில் இவ்வளவு கண்கூடான பலனைக் கண்டவை குறைவு. ஆனால் கணக்கை முழுதாகப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. அமெரிக்கா மொத்தம் நடத்திய 1,054 சோதனைகளில் பெரும்பகுதி இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, நிலத்துக்கடியில் நடந்தவை. பாலைக் காட்டி வென்ற இயக்கத்துக்கு, பாலைக் கெடுக்காத குண்டை எதிர்க்க வாதம் கைவசம் இல்லாமல் போயிற்று. ஊர்வலங்கள் மெலிந்தன. குண்டு கண்ணிலிருந்து மறைந்ததும் பயமும் மறைந்தது. வியட்நாம் வந்து மிச்சமிருந்தவர்களையும் இழுத்துக்கொண்டது. 1974-இல் இந்தியா பொக்ரானில் நிலத்துக்கடியில் வெடித்தபோது, தான் கையெழுத்திட்ட இந்த ஒப்பந்தத்தை மீறவேண்டிய அவசியமே அதற்கு ஏற்படவில்லை.

ஒப்பந்தத்தின் முகவுரையில் மட்டும் ஒரு வாக்குறுதி தூங்கிக்கொண்டிருந்தது: எல்லாச் சோதனைகளையும் என்றென்றைக்கும் நிறுத்தப் பாடுபடுவோம் என்பது. இருபத்தைந்து ஆண்டு கழித்து அதைத் தட்டியெழுப்ப ஒரு சட்ட நுணுக்கம் கண்டுபிடித்தார்கள். உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு கேட்டால் திருத்த மாநாடு கூட்டியே ஆகவேண்டும். பல நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்த அமைப்பு ஒன்று இதற்காக ஓடியாடியது. 1988-இல் முதலில் கையைத் தூக்கிய ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1991 ஜனவரியில் நியூயார்க்கில் மாநாடு கூடியது. அமெரிக்காவும் பிரிட்டனும் அசையவில்லை. முடிவதற்கு முன்பே வளைகுடாப் போர் தொடங்கிவிட, யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஆனால் அதற்குள் கஜகஸ்தானில் வேறு கதை ஆரம்பமாகியிருந்தது. 1989 பிப்ரவரியில், தொலைக்காட்சி நேரலையில் கவிதை வாசிக்க வந்த ஒல்ஜாஸ் சுலைமேனவ், கவிதையை ஒதுக்கிவைத்துவிட்டு, செமிபலாட்டின்ஸ்க் சோதனைத் தளத்திலிருந்து கதிர்வீச்சு கசிந்ததைப் பற்றிய ஓர் அறிக்கையைப் படித்தார். அல்மாட்டி எழுத்தாளர் சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள் என்று மக்களை அழைத்தார். யார் வந்தார்கள், பிறகு என்ன நடந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)